பருந்தின் மேல் பறந்த தூக்குவாளி

விழாவுக்குத் தலைமை ஏற்று, வெயில் இறங்கும் முன்பே வந்து அமர்ந்து, மடித்த வெற்றிலையை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பேச்சு எப்போது முடியும் என்று காத்திருக்கிற ஊராட்சி மன்றத் தலைவர், பெரியவர் குழந்தைவேல் அவர்களே! கொட்டகை போட்டு, கூட்டம் சேர்த்து, இன்றைக்குக் கோபத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிற பொன்மணி டூரிங் டாக்கீஸ் முதலாளி நடராசன் அவர்களே! ஒளியைச் சுருளிலிருந்து உருவி ஒற்றைத் துணியில் உலகத்தையே விரித்துக்காட்டும் ஆப்பரேட்டர் அண்ணன் கருப்பண்ணன் அவர்களே! ஜெயங்கொண்டத்துக் கொட்டகைக்கும் நம் கொட்டகைக்கும் நடுவே, முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் சைக்கிள் மிதித்தே கால் சிவந்த படப்பெட்டிக்காரர் மாயவன் அவர்களே!

நாற்காலியில் நிமிர்ந்திருக்கும் நல்லவர்களே! பெஞ்சில் நெருங்கியிருக்கும் பெரியவர்களே! எல்லாருக்கும் முன்னால் மணலைக் குவித்து, மெத்தை செய்து, மகாராஜாக்களாக அமர்ந்திருக்கும் தரை டிக்கெட்டுத் தங்கங்களே! இவர்கள் எல்லாருக்கும் மேலாக, இதோ இந்தக் குட்டைச் சுவருக்கு அந்தப்புறம், இடம் போதாமல் இடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிற என் தாய்மார்களே!

தாய்மார்களே என்ற இந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு இன்று எவ்வளவு தெம்பாக இருக்கிறது தெரியுமா? ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எங்கே போவது? சாயங்காலம் ஆனால் மாட்டுவண்டியில் விளம்பரத் தட்டி கட்டி, ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, தெருத்தெருவாக வந்து, ‘இன்றே இப்படம் கடைசி’ என்று வாரம் முழுக்கக் கூவுகிற அதே ராசாங்கம்தான். யாரய்யா அங்கே பெஞ்சில்? ‘பொய்யி’ன்னு கத்தறது? அய்யா, நான் கடைசி என்று சொன்னது உண்மை. படம்தான் கேட்கவில்லை!

அன்பர்களே! வெற்றி விழா, வெற்றி விழா என்கிறோமே, இது யாருக்கு வெற்றி விழா? வாள் சுழற்றிய வேந்தனுக்கா? இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டே பாட்டுப் பாடிய கதாநாயகனுக்கா? இல்லை. தங்கைக்குத் தாலி வாங்க ஓடி ஓடி இளைத்த அண்ணனுக்கா? அதுவும் இல்லை. ஒரு பெட்டைக்கோழிக்கு! நெட்டை வாத்து ஒன்றுக்கு! வட்டிலையே வாய்க்குள் வைத்திருக்கும் வெள்ளைப் பன்றி ஒன்றுக்கு! அசை போடுவதைத் தவிர ஆயுளில் எதுவும் செய்யாத பசு ஒன்றுக்கு! கொண்டையைத் தூக்கிக்கொண்டு கொக்கரிக்கும் சேவல் ஒன்றுக்கு! அரிசி வேகும் நேரம்கூட ஓடாத ஒரு பொம்மைப் படத்துக்கு விழா எடுக்கிற ஊர், பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் எதுவும் இல்லை. நம் ஊர் மட்டும்தான்.

வெளியூரிலிருந்து வந்த சொந்தபந்தங்களுக்காக ஒரு விளக்கம். பெரிய படத்தின் பெட்டி நமக்கென்று தனியாக வருவதில்லை. ஒரே படம்தான், ஜெயங்கொண்டத்துக் கொட்டகையிலும் ஓடும், இங்கேயும் ஓடும். அங்கே முதல் சுருள்கள் ஓடி முடிந்ததும் மாயவன் அதைக் கேரியரில் கட்டி, காற்றாக மிதித்து, இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும். இது ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அங்கே போய் அடுத்த பெட்டியை எடுத்துவர வேண்டும். சைக்கிள் பஞ்சர் ஆனால் இங்கே கதாநாயகியின் கல்யாணம் நின்றுவிடும். அந்த இடைவெளியில் ஜனங்கள் பொறுமை இழக்காமல் இருக்கப் போடுவதுதான் இந்தப் பொம்மைப் படம். திருச்சியிலிருந்து வந்த ஏதோ ஒரு பெட்டிக்குள் தவறி வந்து கிடந்ததை நம் கருப்பண்ணன் கண்டெடுத்தார். எந்த நாட்டுப் படமோ, யார் வரைந்ததோ, நமக்குத் தெரியாது. ஓடி ஓடித் தேய்ந்ததில் சத்தம் செத்துப்போன படம். வாய் அசையும், வார்த்தை வராது.

கதை என்ன? ஒரு பண்ணை. அங்கே பெட்டைக்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பை கிளறுகிறது. சேவல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது. வானத்தில் ஒரு நிழல். பருந்து! சேவல் என்ன செய்தது? பாய்ந்ததா? பறந்ததா? பானைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது! பருந்து ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு கிளம்ப, பெட்டை ஒற்றையாய் ஓடுகிறது. அதைப் பார்த்து வாத்து வருகிறது, பன்றி வருகிறது, பசுகூட எழுந்து வருகிறது. பன்றிமேல் பசு, பசுமேல் வாத்து, வாத்துமேல் கோழி என்று கோபுரமாக ஏறி, பருந்தின் வாலைப் பிடித்து இழுத்துக் குஞ்சை மீட்கின்றன. எல்லாம் முடிந்தபிறகு சேவல் பானையிலிருந்து தலையை நீட்டி, தானே ஜெயித்த மாதிரி ஒரு கூவல் கூவுகிறது. இவ்வளவுதான் கதை.

பெருமக்களே! படிப்பு மிகுந்த பட்டணத்திலே இந்தப் படத்தைப் போட்டால் பார்த்துச் சிரிப்பார்கள். நம் ஊரிலே? கோழி வளர்க்காத வீடு உண்டா நம் தெருக்களில்? மேலே நிழல் ஆடினால் கையில் இருப்பது கரண்டியா, கல்லா என்று பார்க்காமல் வீசாத கை உண்டா நம் பெண்களுக்கு? அந்தக் கையோடுதானே அவர்கள் கொட்டகைக்கும் வருகிறார்கள்!

பொம்மைப் படம் போட்ட முதல் நாள். பெண்கள் பக்கம், முன் வரிசை. எங்கள் தெற்குத் தெரு குஞ்சம்மாள் அக்கா அமர்ந்திருக்கிறார். களையெடுப்புக்கு ஆள் கூப்பிடும்போது மூன்று வயல் தாண்டிக் கேட்கும் குரல் அவருடைய குரல். திரையில் நிழல் ஆடியது. பருந்து இறங்கியது. அவ்வளவுதான். ‘ஹோஓஓ’ என்று ஒரு சத்தம்! மணல் பறந்தது, மண்ணாங்கட்டி பறந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால், முறுக்கு கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று மூடியோடு பறந்தது! குறி தப்பவில்லை தோழர்களே! பருந்தின் நெஞ்சில் பட்டது. திரை சர்ரென்று கிழிந்தது.

விளக்கு எரிந்தது. முதலாளி ஓடி வந்தார். “எவ எறிஞ்சது?” என்றார்.

அக்கா எழுந்து நின்று, “நாந்தான் எறிஞ்சேன். குஞ்ச தூக்கிட்டுப் போறான், சும்மா குந்தியிருக்கச் சொல்றீங்களா? வாளியக் குடுங்க மொதலாளி, வூட்டுக்குப் போவணும்” என்றார்.

“அது படம்மா! வெறும் படம்!”

“படம்னா? குஞ்சு குஞ்சுதான?”

சிரிக்கிறீர்கள். இன்று நானும் சிரிக்கிறேன். அன்று சிரிக்க முடியவில்லை. முதலாளி கோபத்தில் சொன்ன வார்த்தை என்ன? தெற்குத் தெருப் பெண்கள் ஒருத்தரும் இனி இந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் நாற்காலி போடப் போகிறேன் என்றார். அதோடு விட்டாரா? அந்த வாளியை எடுத்துப் போய், எல்லாரும் பார்க்கட்டும் என்று டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்.

முதலாளி அவர்களே, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். இதையெல்லாம் மேடையில் சொல்லச் சொன்னதே நீங்கள்தான்.

ஒரு கொட்டகை என்ன பெரிய சொத்தா என்று சிலர் கேட்டார்கள். அய்யா! விடிவதற்கு முன் எழுந்து, வயலில் குனிந்து, வரப்பில் நடந்து, வந்து உலை வைத்து, அத்தனைக்கும் பிறகு ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து சிரிக்கிற இடம் இந்த ஊரில் வேறு எது? கோயிலில் எங்கள் தெருவை எங்கே நிற்க வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் எப்படிக் கொடுத்தார்கள் என்பதும் தெரியும். இருட்டியதும் யார் எந்தத் தெரு என்று பார்க்காமல் எல்லார் முகத்திலும் ஒரே வெளிச்சம் விழுகிற இடம் இது ஒன்றுதான். அதையும் மூடினால் மனது தாங்குமா?

நான் மறுநாள் வண்டியில் போனேன். பழக்க தோஷம், வாய் தானாகப் பேசுகிறது. ‘தாய்மார்களே, அலைகடலெனத் திரண்டு வாரீர்’ என்றேன். தெற்குத் தெருவில், உரலுக்குப் பக்கத்திலிருந்து சிந்தாமணி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “வரோம் மாமா. எந்த வழியா வர?”

மைக்கை அணைத்தேன். நேரே முதலாளியிடம் போய், “இனிமே தாய்மார்களேன்னு நான் கூப்பிட மாட்டேன்” என்றேன். “கூப்புடாட்டிப் போ” என்றார். அன்றிலிருந்து என் வாயில் அந்தச் சொல் இல்லை. ‘பொதுமக்களே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போவேன். உப்பில்லாத கஞ்சி குடித்த மாதிரி இருக்கும்.

ஆனால் குஞ்சம்மாள் அக்கா அடங்குகிற ஆளா? கொட்டகைக்குள்தானே வரக்கூடாது? கொட்டகைக்கு வெளியே பூமி யாருடையது? ஆட்டம் தொடங்கினால் தெற்குத் தெருப் பெண்கள் மொத்தமும் கீற்று மறைப்புக்கு வெளியே வந்து உட்காருவார்கள். கீற்றில் ஓட்டை இருக்கிறதே, அது வழியாக ஆளுக்கொரு கண்ணால் படம் பார்ப்பார்கள். பார்ப்பதோடு விட்டால் அது குஞ்சம்மாளா? உள்ளே கதாநாயகன் அழுதால் வெளியிலிருந்து ஒரு குரல், “மூக்கச் சிந்திட்டு அழுவுடா!” நாற்காலிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதலாளிக்கு மட்டும் காது கேட்காது.

அப்படியே போய்க்கொண்டிருக்கையில் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. புதுப்படம். வரதராஜன்பேட்டையிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கிறார்கள். நிற்க இடம் இல்லை. முதல் பெட்டி ஓடி முடிந்தது. அடுத்த பெட்டி வரவில்லை! மேற்கே மழை. ஓடையில் வெள்ளம். அந்தக் கரையில் மாயவன், தலையில் பெட்டி, இடுப்பளவு தண்ணீர். நீச்சல் தெரிந்தவர்தான், ஆனால் படச்சுருளுக்கு நீச்சல் தெரியாதே! வெள்ளம் வடியட்டும் என்று நின்றுவிட்டார். சரியாகச் செய்தீர்கள் மாயவன் அண்ணே.

இங்கே என்ன நடந்தது? விசில். கூச்சல். ‘படத்தப் போடு!’ பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. கம்பத்தைப் பிடித்து ஆட்டுகிறார்கள். கொட்டகை போய்விடும், அன்றோடு பொன்மணி டாக்கீஸ் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். முதலாளி எங்கே? தேடினேன். டிக்கெட் கொடுக்கிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு…

சொல்லவா வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். பானைக்குள் பதுங்கியது யார்? ஆகா! ‘சேவல்’ என்று ஒரே குரலாகச் சொல்கிறீர்களே! நான் சொல்லவில்லை முதலாளி, மக்கள் சொல்கிறார்கள்.

கருப்பண்ணன் அண்ணன் என்ன செய்வார்? கையில் இருந்தது ஒன்றே ஒன்று. பொம்மைப் படத்தைப் போட்டார். ஊமைப் படம். கூச்சல் இன்னும் கூடியது. அப்போதுதான் ஐயா, கீற்றுக்கு வெளியிலிருந்து வந்தது ஒரு கொக்கரிப்பு!

‘கொக்கொக்கொக்’ என்று தொடங்கி, அப்படியே பேச்சாக மாறியது. “யோவ் சேவலு! கொண்டையத் தூக்கிக்கிட்டு நடக்கத் தெரியுதுல்ல, வூட்டுல தவுடு இருக்கான்னு பாத்தியா?”

திரையில் கோழியின் வாய் அசைகிறது. சொல் சரியாகப் பொருந்துகிறது! அடுத்து வாத்து வந்தது. “ஏம்மா, ஆபீசுல சார் இல்ல, நாளைக்கி வா” என்றது வாத்து, இருமிக்கொண்டே. பன்றி வந்தது. “மொதல்ல சோறு, பொறவு பேச்சு” என்றது. பசு, “எனக்கென்ன வந்துச்சு” என்று நீட்டி முழக்கிப் படுத்தது. கொட்டகை குலுங்கியது! கம்பத்தை ஆட்டியவன் அதே கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். நாற்காலிக்காரர் ஒருவருக்குப் பல்செட் கழன்று கையில் வந்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன், மேடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இத்தனை மிருகத்துக்கும் பேசுகிறது ஒரே ஒரு தொண்டை!

சிரிப்புச் சத்தம் கேட்டு அறைக்கதவு திறந்தது. முதலாளி வெளியே வந்தார். கையில், இருட்டில் இடம் காட்டுகிற அந்தப் பெரிய டார்ச். திரைக்குக் கீழே வந்து நிற்கிறார், அண்ணாந்து பார்க்கிறார்.

நிழல் ஆடியது.

அக்கா பேசவில்லை. ஒரு சத்தம் இல்லை. பருந்து இறங்கிக் குஞ்சைக் கவ்வியது. அப்போது வெளியிலிருந்து, வேடிக்கைக் குரலில்லை, விளையாட்டுக் குரலில்லை, பெற்றவளின் குரலில், “அய்யோ எங்குஞ்சு! யாராச்சும் வாங்களேன்!” என்று கேட்டது.

நாற்காலி எழுந்தது, பெஞ்சு எழுந்தது, துண்டு பறந்தது, மணல் பறந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லாவற்றையும் விட வேகமாக, ஐந்து பேட்டரிக்கட்டை டார்ச் ஒன்று பறந்து, பருந்தின் இறக்கையைத் துளைத்துக்கொண்டு திரைக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது!

எறிந்தது யார்?

இன்னும் சத்தமாக! யார்?

ஆமாம்! முதலாளி நடராசன் அவர்கள்! ‘படம்மா, வெறும் படம்’ என்றவர்! அவர் கை அவரைக் கேட்காமல் எறிந்தது. ஏன்? அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே? அவர் வீட்டுக் கொல்லையிலும் கோழி இருக்கிறதே! நாற்காலி போட்டால் மட்டும் கை மாறிவிடுமா?

இந்தத் திரையைப் பாருங்கள். இரண்டு தையல் தெரிகிறதா? நடுவில் கோணல்மாணலாக இருப்பது கருப்பண்ணன் அண்ணன் கோணி ஊசியால் தைத்தது, வாளிக்கு. வலப்பக்கம் நேர்த்தியாக இருப்பது சிந்தாமணி தைத்தது, டார்ச்சுக்கு. புதுத்திரை வாங்க வேண்டாம் முதலாளி. இந்த ஊரின் நெஞ்சு எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் இதைக் காட்டினால் போதும்.

படம் முடிந்தது. முதலாளி தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். கீற்றுக்கு வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன். அவர் கேட்டார்: “ஏம்மா, பெட்டி வர்ற வரைக்கும் உள்ள வந்து இன்னொரு தடவ பேசுறியா? பின்னால தட்டி தெறந்திருக்கு, அப்படியே வந்துடு.”

அக்கா தலைமுடியை அள்ளி முடிந்தார். “பின்னால வரமாட்டேன். நான் மட்டுமும் வரமாட்டேன். நாங்க எல்லாரும் வருவோம், முன்வாசல்ல வருவோம், பழைய எடத்துலயே குந்துவோம். உண்டுன்னா சொல்லுங்க, இல்லன்னா நீங்களே கொக்கொக்குன்னு கத்திக்குங்க.”

முன்வாசல் திறந்தது நண்பர்களே! திறந்தது! இடுப்பில் பிள்ளையோடு, கையில் முறுக்கோடு, எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். வரதராஜன்பேட்டைக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். மாயவன் பெட்டியோடு வந்து சேர்கிறவரை அந்தப் பொம்மைப் படம் திரும்பத் திரும்ப ஓடியது. ஒவ்வொரு தடவையும் பன்றி வேறு வேறு பேசியது. பெட்டி வந்த பிறகு, ‘புதுப்படம் வேண்டாம், கோழியைப் போடு’ என்று கத்தியவர்கள் நீங்கள்தானே?

அன்றிலிருந்து எந்தப் பெரிய படம் வந்தாலும் கோழிப்படம் முன்னால் ஓடியாக வேண்டும், அக்கா பேசியாக வேண்டும். உடையார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். இன்று பெண்கள் பக்கத்துக் குட்டைச் சுவரை நகர்த்திக் கட்டி இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார் முதலாளி. அதற்காகக் கைதட்டுங்கள், அவரும் மனிதர்தான்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. வாளி! அன்றைக்கே முதலாளி அதைக் கழற்றிக் கொடுக்கப் போனார். அக்கா வாங்கவில்லை. “மாட்டுனப்ப வெளிச்சத்துல மாட்டுனீங்க. இருட்டுல குடுத்தா யாருக்குத் தெரியும்? வெளக்குப் போட்டு, ஊரு பாக்கக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாதாரண வார்த்தையா அது? இந்த மேடை, இந்தத் தோரணம், இந்த மாலை, தலைவர் கையில் காய்ந்துபோன அந்த வெற்றிலை, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். இங்கே கேடயம் கிடையாது. அந்த வாளிதான் கேடயம்.

முதலாளி அவர்களே, எழுந்திருங்கள். குஞ்சம்மாள் அக்கா, மேடைக்கு வாங்க. படியில் பார்த்து வாங்க. தம்பிகளா, எல்லா விளக்கையும் போடுங்கள், வெளியில் இருக்கிற குழல் விளக்கையும் போடுங்கள்!

கொடுக்கிறார். இரண்டு கையாலும் கொடுக்கிறார். பார்த்தீர்களா பெருமக்களே? நசுங்கல் அப்படியே இருக்கிறது. வாங்கிக்கொண்டார். என்ன அக்கா, திறந்து பார்க்கிறீங்க? உள்ளே முறுக்கா! முதலாளி வீட்டு முறுக்கா! ஒன்று எடுத்துக் கடிக்கிறார். சரியாக வெந்திருக்கிறது என்று தலையாட்டுகிறார்.

அக்கா, மைக்கில் ஒரு வார்த்தை. வேண்டாமா? என் காதில் சொல்லுங்க. அன்பர்களே, அக்கா கேட்கிறார்: “இன்னிக்கும் பருந்து வரும்ல? வாளி கையில இருக்கு. அப்பறம் என்னயச் சொல்லக் கூடாது.”

முதலாளி, என்ன பதில்? மைக்கில் சொல்லுங்க, ஊர் கேட்கட்டும்.

“எறிங்கம்மா. தெரையத் தச்சுக்கலாம்.”

கேட்டீர்களா! இதற்குமேல் நான் பேசினால் அது பேராசை. பொறுமையோடு வெற்றிலை காத்த தலைவருக்கும், பெட்டியை நனையாமல் காத்த மாயவனுக்கும், மணலை மடியில் சேர்த்து இப்போதே தயாராக உட்கார்ந்திருக்கிற உங்கள் அனைவருக்கும் என் நன்றி. பெட்டைக்கோழிக்கு என் வணக்கம். பானைக்குள்ளிருந்து வெளியே வந்த சேவலுக்கும் என் வணக்கம்.

தாய்மார்களே! முன்வாசல் வழியாக வந்த என் தாய்மார்களே! உங்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். கருப்பண்ணன் அண்ணே, விளக்கை அணைங்க, கோழியைப் போடுங்க!